ஆள் உள்ள வீடுகள்

ஒரு வீட்டில் ஆள் இருக்கிறது என்று எழுதினால் அந்த வீட்டுக்குத் தண்ணீர் வரும்; வீட்டு ஆண்பிள்ளை போய்விடுவான். ஆள் இல்லை என்று எழுதினால் ஆண்பிள்ளை தங்குவான், தண்ணீர் வராது. எழுத வேண்டியவள் எதை எழுதுவது? ஜப்பான்காரர்கள் போய்விட்டார்கள். அன்று கைக்குழந்தையாக இருந்த என் மகன் இப்போது பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று அழுகிறான். இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

ஜோர்ஜ்டவுன் நகரசபை வரி அலுவலகத்தில் இப்போது பெண்களும் கிராணிகளாக, எழுத்தர்களாக, சேர்கிறார்கள். அவர்களுக்கு உதவும் என்று நினைத்து இதை எழுதுகிறேன். உதவுமா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

1. சேர்ந்த நாள்

நான் சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்தவள். என் கணவர் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பிறை ரயில்வே யார்டில் கிராணி. ஜப்பான்காரர்கள் குண்டு போட்டு ஊரைப் பிடித்த பிறகு அலுவலகங்களில் ஆட்கள் குறைந்துபோனார்கள். சிலர் செத்தார்கள், மலைப்பக்கம் ஓடிய சிலர் திரும்பவில்லை. நகரசபையில் வேலை செய்தால் அரிசி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் போனேன். அரிசிக்காக மட்டும்தான் போனேன் என்று முதலில் எல்லோரிடமும் சொன்னேன். அலுவலக ஊழியரின் வீட்டு ஆண்களுக்கு ஒரு சீட்டு கொடுத்தார்கள். அந்தச் சீட்டு இருந்தால் கூலி வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள். பின்னாளில் நான் வேலையை விடாமல் இருந்தது அந்தச் சீட்டுக்காகத்தான்.

முதல் நாள் வாசலில் காவல்காரனுக்குக் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும் என்று தெரியாமல் நிமிர்ந்து போய், அறை வாங்காமல் தப்பினேன். கடிகாரம் எங்கள் ஊர் நேரத்துக்கு முந்திய டோக்கியோ நேரம் காட்டியது. வெளிச்சம் வருவதற்கு முன்பே புறப்பட்டதால் மகனுக்குச் சரியாகப் பால் கொடுக்கவில்லை. பத்து மணிக்கே பால் கசிந்து மேல்சட்டை நனைந்துவிட்டது. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெரிய கிராணியார் எங்கள் யாழ்ப்பாணத்து மனிதர். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து அங்கே இருந்தவர். சிரித்து நான் பார்த்ததில்லை.

"பிள்ளை, சுக்காய் பிந்து எண்டால் என்னெண்டு தெரியுமோ?" என்று கேட்டார்.

"வாசல் வரி" என்றேன்.

"ஓம். வீட்டு வாசலுக்கு வரி. வீட்டை வாடகைக்கு விட்டால் வருசத்துக்கு எவ்வளவு வரும் எண்டு கணக்குப் போட்டு, அதிலை ஒரு பங்கு. அந்தக் காசிலைதான் குழாய்த் தண்ணி, தெருக் கூட்டுறது, விளக்கு, கக்கூஸ் வாளி எடுக்கிறது எல்லாம். காசு வந்தால் வாளி போகும். காசு வராட்டில் வாளி நாறும். நகரசபை எண்டால் அவ்வளவுதான்."

இதைவிட எளிமையாக யாரும் எனக்கு உள்ளூராட்சியை விளக்கியதில்லை. அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நான் எழுதுகிற எழுத்தால் ஊர் சுத்தமாக இருக்கிறது என்று நினைத்தேன்.

2. காய்ந்த வாளி

ஆள் இல்லாத வீட்டுக்கு வாசல் வரி கிடையாது. வீட்டுக்காரர் வந்து "என் வீடு காலி" என்று மனுக் கொடுப்பார். நாங்கள் ஆளை அனுப்பிப் பார்த்துவிட்டு, உண்மை என்றால் வரியைத் தள்ளுபடி செய்து, தெருவிலிருந்து அந்த வீட்டுக்குப் போகும் குழாயை மூடிவிடுவோம். வாளி எடுப்பதும் நின்றுவிடும்.

பார்க்கப் போகிறவர் பெருமாள் அண்ணன். நோட்டீஸ் கொடுப்பதும் அவர்தான். ஜோர்ஜ்டவுன் கடைவீடுகளுக்குப் பின்னால் சந்து இருக்கும். சந்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் சிறிய கதவு. அதைத் திறந்தால் கக்கூஸ் வாளி. பெருமாள் அண்ணன் முன்வாசலைத் தட்டவே மாட்டார். நேராகப் பின்சந்துக்குப் போய்ச் சின்னக் கதவைத் திறப்பார். வாளி ஈரமாக இருந்தால் ஆள் உண்டு. காய்ந்திருந்தால் வீடு காலி.

"மனுஷன் பொய் சொல்வான் தங்கச்சி. வாளி சொல்லாதுலா" என்பார்.

ஒரு நாள் ராவுத்தர் ஒருவர் வந்தார். சந்து சந்தாக அவருக்கு வீடுகள். வரிசையாக எல்லா வீட்டுக்கும் காலி என்று மனு.

"என்ன ராவுத்தரே, உங்க வீட்டுக்கெல்லாம் ஒரே நாள்ல கால் முளைச்சு ஆளெல்லாம் ஓடிட்டாங்களா?" என்று பெருமாள் அண்ணன் கேட்டார்.

"குண்டு போட்டவன்கிட்ட போய் கேளு. என்கிட்ட கேட்டா?"

"வாடகை மட்டும் மாசம் தவறாம வருதாமே. அதையும் குண்டு போட்டவன்தான் தர்றானா?"

ராவுத்தர் கோபப்படவில்லை. மனுக்களை என் மேசையில் அடுக்கி வைத்துவிட்டு, "புள்ளைக்குப் பால் மாவு கெடைக்குதா? கெடைக்கலன்னா சொல்லு" என்று மெல்லச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். வேண்டாம் என்று சொன்னதற்காக அன்றிரவு முழுக்க வருத்தப்பட்டேன்.

3. புதிய கட்டம்

சில மாதம் கழித்து வரிப் பதிவேட்டில் ஒரு புதிய கட்டம் சேர்க்கச் சொல்லி ஜப்பான் அதிகாரிகள் இருந்த மேல்மாடியிலிருந்து உத்தரவு வந்தது. வீட்டில் ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், வயது என்ன.

இதற்கு முன் பதிவேட்டில் வீட்டுக்காரர் பெயரும் வாடகை மதிப்பும் மட்டும்தான் இருந்தன. குடியிருப்பவர் யார் என்று நாங்கள் கேட்டதே இல்லை. ஆனால் எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏன் என்றால் நாங்கள் நகரசபை ஆட்கள். தலைக்கணக்கைக் கேட்டால் வாளிக் கணக்கு என்றுதான் எங்கள் புத்தி போகும். ஒரு வீட்டில் எத்தனை பேர் என்று தெரிந்தால் வாளியைத் தினம் எடுப்பதா, ஒருநாள் விட்டு எடுப்பதா என்று பிரிக்கலாம். வண்டிக்கு மாடும் லாரிக்கு எண்ணெயும் இல்லாத காலம். நல்ல யோசனைதான் என்று பேசிக்கொண்டோம். வாளிக்கு ஆண் என்ன, பெண் என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நான் அந்தக் கட்டத்தை மிகவும் சுத்தமாக நிரப்பினேன். தெருவில் நின்று விசாரித்தேன். என்னைப் பார்த்துப் பெண்கள் பயப்படவில்லை. "வாளிக்குத்தான் அக்கா" என்று நானே சொன்னேன்.

முதலில் நிரப்பி அனுப்பிய தெருக்களுக்கு லாரி வந்தது. வாளி லாரி இல்லை. சயாம் காட்டில் ஜப்பான்காரர்கள் போட்ட ரயில் பாதைக்குக் கூலி ஆள் ஏற்றும் லாரி. எந்த வீட்டில் எந்த வயதில் ஆண் இருக்கிறான் என்று எழுதிய தாளோடு வந்தார்கள். பெருமாள் அண்ணன் பார்த்துவிட்டு வந்து என் மேசைக்கு எதிரில் நின்றார். தொப்பியைக் கழற்றவில்லை.

"தாள்ல ஒங்க கையெழுத்து தங்கச்சி. அழகா இருந்துச்சு" என்றார்.

அதற்குப் பிறகு ஊர் தானாகக் கற்றுக்கொண்டது. பின்சந்துகளில் வாளிகள் காய ஆரம்பித்தன. ஆட்கள் உள்ளேயே இருந்துகொண்டு, வாளியைத் தொடாமல், இருட்டில் லொங்காங் என்கிற தெருச் சாக்கடையில் ஊற்றினார்கள். எல்லாம் அதில் போயிற்று. ராவுத்தரின் பொய் மனு இப்போது குடியிருப்பவர்களுக்கும் வேண்டியதாகிவிட்டது. வரி வரவில்லை. வரி வராததால் தெருக் கூட்ட ஆள் இல்லை. கூட்டுகிற ஆட்களிலும் பாதிப்பேர் அதே லாரியில் போயிருந்தார்கள். வயிற்றுப்போக்கு தெருத் தெருவாக வந்தது.

4. பாக்கியம்

பாக்கியம் என் வயதுக்காரி. பிராங்கின் ரோட்டுப் பக்கம் ராவுத்தருக்குச் சொந்தமான ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தாள். கணவன் முனியன் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன். இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று.

மரவள்ளிக்கிழங்கு வாங்க மூவரும் கடலுக்கு அக்கரையில் கெப்பாலா பத்தாசில் இருந்த உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். படகு கிடைக்காமல் சில நாள் அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்த நேரத்தில் ராவுத்தரின் மனுவுக்காகப் பெருமாள் அண்ணன் போய்ப் பார்த்தார். வாளி காய்ந்திருந்தது. காலி என்று எழுதிக் குழாயை மூடிவிட்டோம். அவர்கள் திரும்பி வந்தபோது குழந்தைக்கு வயிற்றுப்போக்கு.

பாக்கியம் நேராக என் ஜன்னலுக்கு வந்தாள்.

"அக்கா, எங்க வீட்டுல ஆளே இல்லன்னு எழுதிட்டீங்களாமே. அப்ப நான் யாரு, பேயா?"

அவளை நடைவழிக்கு அழைத்துக்கொண்டு போனேன். இப்படிப் பேசுவதே ஆபத்து. கேட்டவர் ஒருவர் மேலே சொன்னால் என் கணவரின் சீட்டு போய்விடும், நானும் போய்விடுவேன். இருந்தாலும் சொன்னேன்.

"காலி என்றே இருக்கட்டும் பாக்கியம். ஆள் உண்டு என்று எழுதினால் உன் கணவர் பெயரும் எழுத வேண்டும். அது எங்கே போகிறது என்று உனக்குத் தெரியும்."

"தண்ணிக்கு?"

"பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கு."

"பக்கத்து வீடும் காலிதான் அக்கா. எங்க வரிசையே காலி. எல்லா வீட்டுலயும் ஆள் இருக்கு." அவள் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. "லொங்காங் ஓரத்துக் கெணத்துல எடுத்துதான் குடுக்கறேன். காய்ச்ச வெறகு இல்ல. அதக் குடிச்சா இன்னும் போவுது."

நடைவழியில் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"ஒங்க புள்ளையா இருந்தா என்ன செய்வீங்க?"

"எனக்குத் தெரியவில்லை."

"தெரியாதுதான். ஒங்க வீட்டுக்காரர தொட மாட்டாங்கல்ல. அதான் தெரியல." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். பிறகு அவளே இறங்கி வந்தாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. படிச்சவங்க, ஒங்களுக்குத் தெரியும்னு வந்தேன்."

உன் கணவரைக் கேட்டுக்கொண்டு வா என்று அனுப்பினேன். அது சரியான பதில் என்று அப்போது நினைத்தேன். அவர்கள் வீட்டு விஷயம், அவர்கள்தானே முடிவு செய்ய வேண்டும்? இப்போது யோசித்தால், நான் முடிவு செய்ய வேண்டாம் என்பதற்காகச் சொன்ன பதிலோ என்று தோன்றுகிறது.

மறுநாள் முனியனே வந்தான். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு.

"கிராணியம்மா, தண்ணிய விடச் சொல்லுங்க."

"உங்கள் பெயரும் எழுத வேண்டும் என்று பாக்கியம் சொன்னாளா?"

"சொன்னா. நான் மூட்டை தூக்கறவன். என்னைத் தூக்கி லாரில போட அவனுங்க நாலு பேரு வேணும், அந்த நாலு பேருக்கு சோறு வேணும். இங்க எவனுக்கு சோறு இருக்கு?" பிறகு சிரிப்பை விட்டுவிட்டான். "புள்ளைக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. கண்ணு உள்ள போயிருச்சு. பட்டியல் வந்தா நான் பாயான் லெப்பாஸ் பக்கம் போயிடுவேன். தோப்புல தெரிஞ்சவன் இருக்கான். நீங்க எழுதுங்க."

பெரிய கிராணியாரிடம் போனேன். ஆள் உண்டு, ஆனால் பெண்ணும் குழந்தையும் மட்டும் என்று எழுதலாமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆம்பிளை இல்லாத வீடெண்டால் ஜப்பான்காரங்களே நேரிலை வந்து பாக்கிறாங்கள், பிள்ளை. பாக்கிறதோடை நிக்கவும் மாட்டாங்கள். அந்தப் பெண்ணுக்கு அது வேணுமோ?"

"அப்படியானால் என்ன எழுதுவது?"

"உம்மடை மேசை அது. என்னைக் கேளாதையும். எனக்கும் பொம்பிளைப் பிள்ளையள் இருக்கு."

நான் எழுதினேன். ஆள் உண்டு. ஆண் ஒருவர். பெண் ஒருவர். குழந்தை ஒன்று. அன்று மாலையே குழாயைத் திறந்தார்கள். திறக்கும்வரை நான் தெருவில் நின்று பார்த்தேன்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. பாக்கியம் அவித்த கிழங்கை வாழையிலையில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். வீட்டில் என் மச்சாள் அதைப் பார்த்துவிட்டு, "ஆரும் கிழங்கு தாறதெண்டால் பெரிய காரியம் செய்திருப்பியள்" என்றாள்.

5. லாரி

அந்தத் தெருவின் பட்டியலைக் கேட்டு உத்தரவு வந்தபோது, தட்டச்சு செய்யும் முறை என்னுடையது. ஒரு வரியை விட்டுவிடலாமா என்று யோசிக்காமல் இல்லை. தண்ணீர்ப் பகுதியிலிருந்து இன்னொரு பட்டியல் போகிறது. தண்ணீர் போகும் வீடு என் பட்டியலில் இல்லை என்றால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் மகன் தவழ ஆரம்பித்திருந்தான்.

பெருமாள் அண்ணனிடம் சொல்லி அனுப்பினேன். முனியன் அன்றே பாயான் லெப்பாஸ் போய்விட்டான். லாரி வந்தபோது பாக்கியமும் குழந்தையும் மட்டும் வீட்டில் இருந்தார்கள். லாரியில் வந்தவர்கள் அடிக்கவில்லை. அரிசி அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, ஆள் வந்து பெயர் கொடுத்தால் அட்டை திரும்பக் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அட்டை இல்லாமல் எத்தனை நாள் ஓட்ட முடியும்? நோயிலிருந்து எழுந்த குழந்தை பசிக்கு அழுதது. முனியன் தானாகவே வந்து பெயர் கொடுத்தான். நாலு பேர் தேவைப்படவில்லை. அவனே ஏறி உட்கார்ந்தான் என்று பெருமாள் அண்ணன் சொன்னார்.

"ஏறும்போது என்னைப் பாத்தான் தங்கச்சி. 'அண்ணே, வாளிய நனைச்சே வைக்கச் சொல்லுங்க, இப்ப ஒளிக்க ஒண்ணும் இல்ல'ன்னான்."

இதோடு முடிந்திருந்தால்கூட, குழந்தைக்காகத்தானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருப்பேன். அடுத்த மாதம் அந்தத் தெருவின் பெரிய குழாய் உடைந்தது. மாற்றுக் குழாய் வாங்கப் பணம் இல்லை என்று தண்ணீர்ப் பகுதி எழுதியது. அந்த வருடம்தான் வாசல் வரியை உயர்த்தியிருந்தார்கள். வசூலான பணம் மேல்மாடிக்குப் போனது. அங்கிருந்து எங்கே போனது என்று பெரிய கிராணியாருக்கே தெரியாது. தெருவே வறண்டது. தண்ணீர் போகாத தெருவுக்குத் தண்ணீர்ப் பங்கையும் சேர்த்து வரி நோட்டீஸ் தயாரித்தேன். வீட்டுக்காரருக்குப் பதில் இனிக் குடியிருப்பவரே கட்ட வேண்டும் என்ற புதிய உத்தரவின்படி, ஆள் உள்ள வீடு என்று பதிவாகியிருந்த பாக்கியத்தின் பெயருக்கு அது போனது. ராவுத்தரின் மற்ற வீடுகள் காலியாகவே இருந்தன.

அந்தச் சில வாரத் தண்ணீர்தான் குழந்தையைக் காப்பாற்றியதா? இல்லை, அது எப்படியும் பிழைத்திருக்குமா? மழை பெய்த வாரம் அது. பாத்திரம் வைத்துப் பிடித்திருக்கலாம். நான் ஏன் மழைத் தண்ணீரைச் சொல்லவில்லை? ஒரு கட்டு விறகு என் வீட்டில் இருந்தது. அதை ஏன் கொடுக்கவில்லை? இப்படிக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். என் கணவர், "நீ வேலையைச் செய்தாய், அவ்வளவுதான்" என்கிறார். அவர் சீட்டு வைத்திருந்தவர். அவர் சொல்வதை என்னால் முழுதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

முனியன் திரும்பவில்லை. சயாமிலிருந்து வந்த ஒருவன், காய்ச்சலோடு ஒரு முகாமில் பார்த்ததாகச் சொன்னான். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

6. இப்போது

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒன்று சொல்லத் தெரியும். ஒரு கட்டம் நிரப்பச் சொன்னால் அது எந்தச் சேவைக்கு என்று கேளுங்கள். தண்ணீருக்கா, வாளிக்கா, விளக்குக்கா? கேட்டால் பதில் சொல்லமாட்டார்கள். சொல்லாததையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் நின்று "வாளிக்குத்தான்" என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். இவ்வளவுதான் நான் கற்றது.

கற்றது போதவில்லை என்பதற்கு இந்த வாரமே சாட்சி. வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்து வரிப் பதிவேட்டைப் புதிதாக எழுதச் சொல்கிறார்கள். குடியிருப்பவர் எத்தனை பேர் என்ற கட்டம் மறுபடியும் இருக்கிறது. இந்த முறை நான் கேட்டேன். ஆண், பெண் பிரிக்க வேண்டாம், வயது வேண்டாம், வாளிக்கும் தண்ணீருக்கும்தான் என்று புதிய அதிகாரி சொன்னார். நம்புகிறேன். குழாய்களும் வந்து இறங்கியிருக்கின்றன. ஆனால் பதிவான வீடுகளுக்குத்தான் இணைப்பு. வரி வந்தால்தான் கூட்ட ஆள் வைக்க முடியும்.

பாக்கியத்தின் வரிசையில் ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. பெருமாள் அண்ணன் பின்சந்தில் போய்ப் பார்த்தார். வாளிகள் காய்ந்திருக்கின்றன. லொங்காங் நாறுகிறது. அந்தத் தெருவில் மறுபடியும் வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்திருக்கிறது. பாக்கியத்தின் மகள் அதே வீட்டில்தான் இருக்கிறாள்.

"உங்களை அந்தத் தெருவுக்குத் தெரியும், நீங்கள் போய்ச் சொன்னால் திறப்பார்கள்" என்று அதிகாரி என்னை அனுப்புகிறார். திங்கட்கிழமை போக வேண்டும். என்னைத் தெரிந்திருப்பதால்தான் திறக்கமாட்டார்கள் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

போகாமல் இருக்கலாம், குழந்தைக்கு மறுபடியும் வந்தால் என்ன செய்வது? போகலாம், ஆனால் கதவுக்கு வெளியே நின்று, "பாக்கியம், இந்தத் தடவை உண்மையாகவே தண்ணீருக்குத்தான்" என்று எந்த வாயால் சொல்வது? படிக்கிறவர்களில் இப்படி ஒரு கதவைத் தட்ட நேர்ந்தவர்கள் யாராவது இருந்தால், முதல் வார்த்தை என்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரிவியுங்கள்.